கூட்டத்தோடு ஓட்டத் தெரியுமா? க்ளப் சைக்கிள் ரேஸ்: வாசகர் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் க்ளப்புகள் நடத்தும் சைக்கிள் ரோட் ரேஸ்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலைக்குப் போய்க்கொண்டே, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டே ரேஸ் ஓட்டுகிறவர்களிடமிருந்துதான் அதிகம் வந்திருக்கிறது. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: தினமும் ஈசிஆரில் ஓட்டுகிறேன். தனியாக 30 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் போக முடிகிறது. ஆனால் க்ளப் ரேஸில் யு-டர்ன் வரை கூட்டத்தோடு இருந்துவிட்டு, திரும்பியதும் கழன்றுவிட்டேன். என்னைவிட மெதுவாக ஓட்டும் நண்பர் கடைசி வரை கூட்டத்திலேயே இருந்தார். அது எப்படி?
(திருவான்மியூர் வாசகர்)

ப: உங்கள் கால்களில் குறை ஒன்றும் இல்லை, கூட்டத்தில் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதுதான் விஷயம். சமதளத்தில் 35, 40 கி.மீ. வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. டயர் உராய்வு, செயின் எல்லாம் சேர்ந்தாலும் சின்னப் பங்குதான். வேகம் ஏற ஏற இது இன்னும் மோசமாகும்: காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், 30-லிருந்து 33-க்குப் போக, அதாவது வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, சுமார் 33 சதவீதம் அதிக சக்தி வேண்டும். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் அந்தத் தடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் இன்னும் சுகம். 2018-இல் பெர்ட் ப்ளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட பெலட்டானை, அதாவது ரேஸில் நெருக்கமாகச் சேர்ந்து போகும் கூட்டத்தை, கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்துப் பார்த்தது. உள்ளே, பின்வரிசைகளில் இருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிச்சம் என்று வந்தது. நம் ரேஸில் 121 பேர் அவ்வளவு நெருக்கமாக வரப்போவதில்லை, அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் ஏன் கடைசி வரை இருந்தார் என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் அந்த யு-டர்ன். போய்த் திரும்பும் ரேஸ்களில் பாதிப் பேர் கழலும் இடமே அதுதான். முதல் ஆள் 15 கி.மீ. வேகத்துக்குக் குறைத்து, திரும்பி, சீட்டிலிருந்து எழுந்து மிதித்து 35-ஐத் தொட்டுவிடுகிறார். முப்பதாவது ஆள் அப்போது இன்னும் திரும்பவே இல்லை, முன்னால் நெரிசல், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அவர் திரும்பி முடிக்கும்போது முன்வரிசை எண்பது, நூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். முன்னால் இருப்பவர் 35-இல் போகிறார் என்றால், இவர் அதைப் பிடிக்க 42, 43-இல் முழுக் காற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஒரே ரேஸ்தான், ஆனால் பின்னால் இருப்பவருக்கு அது பத்து மடங்கு கடினம். இதற்குப் பயிற்சியைவிட இடம்தான் மருந்து. யு-டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே, அவசரப்படாமல், ஓரமாக மேலேறி முதல் பத்துப் பேருக்குள் போய்விடுங்கள். திரும்புவதற்கு முன்னாலேயே கியரை இறக்கிவிடுங்கள், திரும்பிய பிறகு அல்ல. பெரிய கியரிலேயே நின்றுவிட்டு, வெளியே வரும்போது பெடலை மிதிக்க முடியாமல் தடுமாறுகிறவர்களை ஒவ்வொரு ரேஸிலும் பார்க்கிறேன். அவர்கள் பின்னால் மாட்டிக்கொண்டவர்களும் சேர்ந்தே கழல்கிறார்கள்.

கே: பயிற்சியின்போது முன்னால் போனவரின் பின்சக்கரத்தில் என் முன்சக்கரம் உரசியது. நான் விழுந்தேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் திடீரென்று விலகினார். தப்பு யாருடையது?
(கோயம்புத்தூர் வாசகர்)

ப: முதலில் காயம் ஆறட்டும். அவர் விலகியது சரியில்லைதான், கூட்டத்தில் ஓட்டுகிறவர் கோடு பிடித்த மாதிரி நேராகப் போக வேண்டும், பள்ளம் வந்தாலும் கையைக் காட்டி, குரல் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் ஒதுங்க வேண்டும். ஆனாலும், பின்னால் வருபவரின் முன்சக்கரத்துக்குப் பொறுப்பு பின்னால் வருபவருக்குத்தான். கடுமையாகத் தெரியலாம், ஆனால் உலகம் முழுக்க சைக்கிள்காரர்கள் இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. சைக்கிள் நிற்பதே முன்சக்கரத்தைச் சின்னச் சின்னதாகத் திருப்பித் திருப்பி நாம் சமன் செய்வதால்தான். உங்கள் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் அவர் டயர் உரசினால் அந்தத் திருப்பல் பூட்டிக்கொள்கிறது, அரை நொடியில் கீழே. அவருடைய பின்சக்கரம் திரும்பாத சக்கரம், லேசாக ஆடிவிட்டுப் போய்விடும். அதனால் முன்சக்கரத்தை இன்னொருவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள், நேர் பின்னால் அல்லது முழுதாக விலகி, இரண்டில் ஒன்று. அவர் டயரையே முறைத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். அவர் இடுப்பு உயரத்தில் பார்வையை வைத்தால் அவருக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும். வேகம் கொஞ்சம் கூடிவிட்டால் பிரேக்கை அழுத்தாமல், லேசாக நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை வாங்குங்கள், தானாகக் குறையும். நீங்கள் ஒரு பிரேக் அடித்தால் உங்களுக்குப் பின்னால் வரும் எட்டுப் பேர் எட்டு பிரேக் அடிக்கிறார்கள்.

ரேஸுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறார், எத்தனை வாட் மிதிக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். நான்கு பேரோடு, ஒரு சக்கர இடைவெளியில், ஒரு மணி நேரம் யாரையும் பயமுறுத்தாமல் ஓட்டத் தெரிந்தால் அவர் தயார். அது வராதவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கூட்டமாகக் கிளம்பும் ரேஸில் நிற்கக் கூடாது என்றே சொல்வேன். அதற்குப் பயிற்சியும் எளிதுதான்: இரண்டு நண்பர்கள், ஆள் நடமாட்டம் இல்லாத சாலை, 25 கி.மீ. வேகம், ஆளுக்கு ஒரு நிமிஷம் முன்னால். முன்னால் இருந்தவர் ஒதுங்கும்போது மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், அடுத்தவர் முன்னுக்கு வரும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது. புதியவர்கள் எல்லாரும் முன்னுக்கு வந்ததும் உற்சாகத்தில் இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்டிவிடுவார்கள், அங்கேதான் வரிசை அறுகிறது.

கே: கூட்டத்தில் சரியாக ஒட்டித்தான் ஓட்டுகிறேன். ஆனால் சில நாள் பின்னால் இருந்தும் முன்னால் இருக்கிற மாதிரியே மூச்சு வாங்குகிறது.
(நீலாங்கரை வாசகர்)

ப: அந்த நாட்களில் காற்று பக்கத்திலிருந்து வந்திருக்கும். ஈசிஆர் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிற சாலை, நமக்குக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ. பக்கக் காற்றில், முன்னால் இருப்பவர் தரும் காற்று மறைவு நேர் பின்னால் விழாது, சாய்வாக விழும். மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது கடல் உங்கள் இடது கைப்பக்கம். கடல் காற்று எழுந்துவிட்டது என்றால் மறைவு கிடைப்பது முன்னால் இருப்பவரின் வலது பின்புறத்தில். திரும்பி வரும்போது கடல் வலது பக்கம், மறைவு இடது பின்புறம். அங்கேதான் சிக்கல், இடது பக்கம் என்பது சாலையின் ஓரம். இரண்டு மூன்று பேர் சாய்வாக நின்றதுமே இடம் முடிந்துவிடும், நான்காவது ஆள் மணலிலும் வெள்ளைக் கோட்டிலும் ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல் தொங்கிக்கொண்டு வருவார். ஜூன், ஜூலையில் காலையில் மேற்குக் காற்று அடித்தால் இதெல்லாம் அப்படியே தலைகீழ், போகும்போது ஓரத்தில் கஷ்டம், வரும்போது நிம்மதி.

கிளம்புவதற்கு முன் கடைப் பந்தலில் தொங்கும் கொடியையோ தென்னை ஓலையையோ ஒரு தடவை பாருங்கள். எந்தத் திசையில் போகும்போது முன்னால் இருந்தாக வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை, சாய்வாக நிற்கிறேன் என்று நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். சாலை மூடப்படாத ரேஸில் எதிரே வருவது பஸ்.

கே: எங்கள் பக்கம் க்ளப்பில் பெரும்பாலும் டைம் ட்ரையல்தான் வைக்கிறார்கள். ஒவ்வொருவராக விடுகிறார்கள், கடிகாரத்தோடு ஓட்டம். இது ஒரு ரேஸா?
(சேலம் வாசகர்)

ப: ரேஸ்தான், அதுவும் பழைய ரேஸ். இங்கிலாந்தில் 1890-களில் சாலையில் கூட்டமாக ரேஸ் ஓட்டினால் குதிரை வண்டிக்காரர்களோடு தகராறு, போலீஸ் தொல்லை. சைக்கிளையே சாலையில் தடை செய்துவிடுவார்களோ என்று பயந்து அங்கிருந்த சைக்கிள் சங்கமே கூட்ட ரேஸை நிறுத்திவிட்டது. அப்போது எஃப். டி. பிட்லேக் என்பவர் முன்னெடுத்து, 1895 அக்டோபர் 5-ஆம் தேதி 50 மைல் போட்டி ஒன்றை நடத்தினார்கள்: இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்புவது, கடிகாரம் முடிவு சொல்வது. பிற்பாடு இந்தப் போட்டிகள் விடிகாலையில், தோளிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை போட்டு, பார்க்கிறவர்களுக்கு ரேஸ் என்றே தெரியாதபடி நடந்தன. வழித்தடங்களுக்குப் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்கள். அந்த வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

கூட்ட ரேஸ் திரும்பி வந்ததும் ஒரு நல்ல கதை. 1942 ஜூன் 7-ஆம் தேதி, போர்க்காலம், பெட்ரோல் தட்டுப்பாட்டால் சாலைகள் காலி. பெர்சி ஸ்டாலர்ட் என்பவர் போலீஸிடம் முன்கூட்டியே பேசி, லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் ரேஸ் நடத்தினார். 40 பேர் கிளம்பினார்கள், 15 பேர் முடித்தார்கள். சங்கம் அவரை நீக்கிவைத்தது. அவரும் கூட்டாளிகளும் தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள், இரண்டும் சேர 1959 ஆகிவிட்டது.

உங்கள் க்ளப்புக்கும் ஏறக்குறைய அதே பிரச்சினைதான், சாலையை மூட முடியாது. மூட முடியாத சாலையில் ஐம்பது பேரைக் கூட்டமாக விடுவதைவிட ஒரு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவது பொறுப்பான முடிவு. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஒரு விதி மட்டும் மனதில் இருக்கட்டும்: டைம் ட்ரையலில் இன்னொருவர் பின்னால் ஒட்டக் கூடாது, தாண்டினால் முழுதாகத் தாண்டிப் போக வேண்டும், உங்களைத் தாண்டிப் போனவரின் சக்கரத்தைப் பிடிக்கவும் கூடாது.

கே: எனக்கு 38 வயது. பெண்கள் பிரிவில் நாலு பேர்தான் வருகிறோம். மூன்றாம் இடம் வந்தால் வீட்டில் "நாலு பேர்ல மூணாவதுதானே" என்கிறார்கள். சில சமயம் ஆண்களின் ஆரம்பப் பிரிவோடு சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். தொடரலாமா? இன்னொன்று, சீட் வலி தாங்க முடியவில்லை.
(மதுரை வாசகி)

ப: கட்டாயம் தொடருங்கள். வராத பெண்களின் எண்ணிக்கைக்கு வந்தவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? வீட்டு வேலை முடித்து, இருட்டில் தனியாகச் சாலைக்கு வந்து பயிற்சி செய்து, அங்கே வந்து நிற்பதற்கே என்னென்ன தாண்ட வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், சொல்கிறவர்களுக்குத் தெரியாது. அடுத்த ரேஸில் உங்கள் நேரத்தைக் குறித்துவைத்து, அதற்கடுத்த ரேஸில் அதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், பேச்சு மாறும்.

ஆண்களோடு சேர்த்து விடுவதில் ஒரு விஷயத்தை நீங்கள் நாலு பேரும் சேர்ந்து கேளுங்கள். ஆண்கள் பின்னால் பெண்கள் ஒட்டி ஓட்டலாமா, கூடாதா? இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், வேகமான ஆண் ஒருவரின் சக்கரம் கிடைத்தவர் ஜெயித்துவிடுவார். நடத்துகிறவர்கள் கிளம்பும் இடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டுத் தனியாக விடச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது, நியாயமான கோரிக்கைதான்.

சீட் வலிக்கு முதல் கேள்வி, பேடட் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடுகிறீர்களா? போடக் கூடாது. தையல்தான் அறுக்கிறது. அடுத்து, சீட்டின் அகலம். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான ஸ்டூலில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுகிற மாதிரி கொஞ்சம் முன்னால் சாயுங்கள். எழுந்து பார்த்தால் உட்காரும் எலும்புகள் இரண்டும் பதிந்த குழி தெரியும். அந்த இரண்டு குழிகளின் நடு நடுவே அளந்து, அதோடு இரண்டு சென்டிமீட்டர் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம் ஓரளவு வந்துவிடும். சைக்கிளோடு வந்த சீட் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தடித்த மெத்தை சீட் வாங்காதீர்கள், அரை மணி நேரம் சுகம், அப்புறம் இன்னும் மோசம்.

கே: ப்ரெவே என்கிற நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ. முடித்திருக்கிறேன். அதுவும் ரேஸ் கணக்கில் வருமா?
(திருச்சி வாசகர்)

ப: வராது. ப்ரெவேயில் நேர வரம்பு மட்டும்தான், 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம், 600-க்கு 40 மணி. உள்ளே முடித்தால் எல்லாரும் சமம், முதலிடம் கிடையாது. ஆனால் நீங்கள் பொறுமையும் வயிற்றைக் கவனிக்கவும் கற்றிருப்பீர்கள். க்ளப் ரேஸுக்கு அதில் கிடைக்காதது திடீர் வேகம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நான்கு நிமிஷம் முழு மூச்சாக, நான்கு நிமிஷம் நிதானமாக, அப்படி நான்கு தடவை. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம் போதும்.

கே: ஜெல், எலக்ட்ரோலைட் எல்லாம் கட்டுப்படியாகவில்லை. நம் சாப்பாட்டிலேயே சமாளிக்கலாமா?
(செங்கல்பட்டு வாசகர்)

ப: தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். கடைப் பாட்டிலில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ரேஸுக்கு, ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இதுவே அதிகம். இரண்டு மணி நேரம் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம் கொட்டை எடுத்து ஜெர்ஸி பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். கடலை மிட்டாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ரேஸ் வேகத்தில் மென்று விழுங்குவது கஷ்டம், அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, சாம்பார் குறைவாக. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் அதற்குள் கால் நின்றுவிடும்.

நம் ஊர் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கிறவர்கள் உண்டு. அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேர்த்துக் குடியுங்கள். வியர்வை நின்று, உடம்பு சிலிர்த்தால் ரேஸ் முடிந்தது என்று அர்த்தம், நிழலில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

கே: ஏலகிரி ஏற்ற ரேஸுக்கு இரண்டு லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வாங்கலாமா? இப்போது இருப்பது 10 கிலோ அலுமினியம்.
(வாணியம்பாடி வாசகர்)

ப: உங்கள் எடை 68 என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளோடு 78 கிலோ. புதுசு 8 கிலோ என்றால் மொத்தம் 76. மிச்சம் இரண்டரை சதவீதத்துக்குச் சற்று மேல். 40 நிமிஷம் ஏறுகிறீர்கள் என்றால் அதிகபட்சம் ஒரு நிமிஷம் கிடைக்கும். ஈசிஆர் மாதிரி சமதளத்தில் இந்த இரண்டு கிலோவுக்கு வித்தியாசமே தெரியாது. முன்னணி ரைடர்களின் சைக்கிளே 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதி இருக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நல்ல டயர் வாங்குவேன். 28 மில்லிமீட்டர், உங்கள் எடைக்கு 75 முதல் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம், கல் மாதிரி 110 அடிக்க வேண்டாம், நம் சாலையில் அது உங்களைத் துள்ளவைத்து வேகத்தைத்தான் குறைக்கும். பின்னால் 32 பல் கொண்ட கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போட்டால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் உட்கார்ந்தே ஏறலாம். பிரேக் கட்டையை மாற்றுங்கள். ஏறி முடித்த களைப்பில் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, வெளிப்பக்கக் கால் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். புலவர்கள் பெயர் எழுதிய பலகைகளை ஏறும்போது படித்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது வேண்டாம். பணம் அதற்கப்புறமும் மிஞ்சினால் கார்பன் வாங்குங்கள், ஆசை தப்பில்லை.

கே: மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன். சைக்கிள் ரேஸ் என்று உயிராக இருக்கிறான். சாலையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா?
(திருநெல்வேலி, ஒரு அம்மா)

ப: பயம் நியாயமானது அம்மா, அதை யாரும் லேசாகப் பேச விடாதீர்கள். அனுப்புங்கள், ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நடத்துகிறவர்களுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்: போலீஸ் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? யு-டர்னிலும் குறுக்குச் சாலைகளிலும் ஆள் நிறுத்துவீர்களா? ஆம்புலன்ஸ் அந்த இடத்திலேயே நிற்குமா, கூப்பிட்டால்தான் வருமா? எத்தனை மணிக்குக் கடைசி ஆள் உள்ளே வருவார்? 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தனியாக விடுகிறீர்களா? நல்ல க்ளப் என்றால் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள், பெற்றோர் கையெழுத்தும் அவர்களே கேட்பார்கள். பதில் சொல்ல எரிச்சல்படுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

முதல் ஒரு வருஷம் டைம் ட்ரையல் மட்டும் போகட்டும். கூட்ட ரேஸுக்கு அவன் அவசரப்படுவான், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டத்தில் ஓட்டுவதை க்ளப்பில் பெரியவர்களோடு மெதுவான வேகத்தில் பழகிய பிறகு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம். காதில் இயர்போன் கூடவே கூடாது. சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் நம்பரின் பின்பக்கம் ரத்த வகையும் உங்கள் போன் நம்பரும் எழுதுங்கள். பரீட்சை நேரத்தில் தூக்கத்தைக் குறைத்து விடிகாலைப் பயிற்சிக்குப் போக விடாதீர்கள், தூங்காத உடம்பில் பயிற்சி ஒட்டாது.

ஹெல்மெட் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, தலையில் ஆடாமல் பொருந்த வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடைப் பட்டைக்குக் கீழே ஒரு விரல் போகும் அளவு. உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரே ஒரு அடியைத்தான் தாங்கும், நசுங்கியது மறுபடி எழும்பாது. அதனால் ஒரு தடவை தலை தரையில் பட்டுவிட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக் கொடுங்கள்.